புகைபோக்கியில் போகும் வெப்பம்
சேலம், நாமக்கல் வட்டார ஜவ்வரிசி ஆலைகளைக் கடந்து செல்வோரை மூக்கைப் பொத்திக்கொள்ள வைத்த கழிவுநீரே இன்று அவ்வாலைகள் சிலவற்றின் மோட்டார்களை ஓட்டும் மின்சாரமாக மாறியிருப்பது, தொழிற்சாலை மின்சாரம் பற்றிய விவாதங்களில் உரிய இடம் பெறாத செய்தியாகும். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவு பிரித்தபின் எஞ்சும் நீரைக் காற்றுப் புகாத தொட்டியில் தேக்கினால், நுண்ணுயிர்கள் அதிலுள்ள சத்தைச் சிதைத்து, பாதிக்கு மேல் மீத்தேன் அடங்கிய வாயுவைத் தருகின்றன. அதைக் காற்றோடு கலந்து, தீப்பொறியால் எரித்து, அந்த விசையால் ஜெனரேட்டரைச் சுழற்றுவதே எரிவாயு எஞ்சின். அவ்வாயுவில் கலந்துவரும், அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு எஞ்சினுக்குள் எரிந்து அமிலமாகி, ஆயிலைக் கெடுத்து, பேரிங்குகளை அரித்துவிடும் என்பதால், இரும்பு ஆக்சைடு நிரப்பிய கலன் வழியே வாயுவைச் செலுத்திக் கந்தகத்தை முன்கூட்டியே நீக்கும் வேலையில் சிக்கனம் பார்ப்பது பெருநட்டத்தில்தான் முடியும். அதனினும் வருந்தத்தக்கது வெப்பம் வீணாவது: வாயுவின் ஆற்றலில் ஏறத்தாழ 35 முதல் 40 விழுக்காடே மின்சாரமாகிறது, மீதியில் பெரும்பகுதி 400 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் வெளியேறும் புகையோடும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோடும் போய்விடுகிறது. ஜவ்வரிசியை வேகவைக்கவும் உலர்த்தவும் வெப்பம் தேவைப்படும் ஓர் ஆலை, புகைபோக்கியில் வெப்பமாற்றி ஒன்றைப் பொருத்தாமல் அதற்கென விறகு வாங்கிக்கொண்டிருப்பதை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. எஞ்சினுக்குக் கடன் வழங்கும் வங்கிகள் வெப்பமாற்றியையும் அதே திட்டத்தில் சேர்ப்பதே முறை.