சிறுதேரின் வில்

விளையாட்டு லாரி ஒன்றின் சக்கரங்களைக் கழற்றிப் போட்டுக்கொண்டு நான் திண்ணையில் அமர்ந்திருந்ததைக் கண்ட நண்பர் ஒருவர், "பிள்ளைத்தமிழ் நடத்துகிறீர்கள் என்று தெரியும், பிள்ளையாகவே ஆகிவிட்டீர்களா?" என்று கேட்டார். அந்தக் கேலிக்குச் சற்று விரிவாகவே மறுமொழி சொல்ல விரும்புகிறேன். ஓராண்டுக்கு முன்புவரை அது என்னுடைய கேலியாகவும் இருந்தது என்பதே காரணம்.

லாரி என் தமக்கை மகனுடையது. அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. கையிலுள்ள ரேடியோக் கருவியால் ஓட்டுவது. பாலிடெக்னிக்கில் இரண்டு தாள்களில் தவறியிருந்த அவன், விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அதைப் பழைய வண்டியாக வாங்கினான். "புத்தகத்தைத் தொட நேரமில்லை, பொம்மைக்கு நேரம் இருக்கிறதோ?" என்று உறவினர் அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவன் மறுத்துப் பேசவில்லை. அதன்பின் பல மாதங்கள் என்னோடு பேசவே இல்லை.

பேச்சு மீண்டது ஒரு ஷாக் அப்சார்பரால். வண்டியோடு வந்த பிளாஸ்டிக் ஷாக்குகளைக் கழற்றிவிட்டு, வெளியில் தனியாக விற்கும் அலுமினிய ஷாக்குகள் நான்கை வாங்கிப் பூட்டியிருந்தான். பளபளவென்று இருந்தன. ஆனால் காயாமொழியைத் தாண்டி விரியும் குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் ஓட்டிப் பார்த்தபோது, வண்டி முன்னைவிட மோசமாகத் துள்ளியது. இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் கவிழ்ந்தது. எண்ணெய் நிரப்ப இன்னொரு கை தேவைப்பட்டது. வீட்டில் நான் மட்டுமே இருந்தேன். "மாமா, இத நேரா பிடிங்க" என்றான்.

அன்று மாலை அவன் எனக்கு நடத்திய பாடம் சுருக்கமானது. "ஸ்பிரிங்கு தூக்கும், எண்ணெய் அடக்கும். ரெண்டும் சண்டை போடக்கூடாது மாமா." உருளைக்குள் சிலிக்கான் எண்ணெய், அதில் துளையிட்ட சிறு வட்டத் தகடு மேலும் கீழும் போய்வருகிறது. துளை வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு கடப்பதால் ஸ்பிரிங்கின் துள்ளல் அடங்குகிறது. உள்ளே காற்றுக்குமிழ் தங்கிவிட்டால் தகடு எண்ணெயை விட்டு வெற்றிடத்தில் நழுவும். வலப்புறப் பின்சக்கரத்து ஷாக்கை அழுத்தியபோது களகளவென்று ஓசை கேட்டது. இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலப்பக்கம் சாயும். அங்கே தடுத்து நிறுத்த ஆளில்லை. கவிழாமல் என்ன செய்யும்? மூடியைத் திறந்து, தண்டை மெல்ல ஏற்றி இறக்கி, குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடையும்வரை காத்திருந்தோம். அந்தப் பொறுமையை நான் அவன் தேர்வுத்தாள்களில் எதிர்பார்த்திருந்தேன். அது இங்கே இருந்திருக்கிறது.

அடுத்துத் துள்ளல். புதிய ஸ்பிரிங்குகள் வண்டியின் எடைக்கு மீறிய விறைப்பு. தரையில் வைத்தால் வண்டி தன் எடையில் கொஞ்சம் அமிழ வேண்டும். இது கால் விறைத்து நின்றது. மென்மையான ஸ்பிரிங்கு மாற்றி, முன்புறம் சற்று நீர்த்த எண்ணெய் ஊற்றி, ஷாக்கின் மேல்முனையை ஒரு துளை உட்பக்கம் தள்ளிப் பூட்டினான். சாய்வு கூடினால் முதல் அழுத்தத்துக்கு எளிதாக இணங்குமாம். கடற்கரைக்குக் கொண்டுபோகலாமே என்றேன். உப்பு பேரிங்கைத் தின்றுவிடும் என்று மறுத்துவிட்டான்.

வாங்கிப் பூட்டுவதே மேம்பாடு என்னும் மயக்கம் இந்தப் பொழுதுபோக்கில் பழையது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1987இல் வெளியிட்ட 'கிளாட் பஸ்டர்' லாரிக்குப் பிறர் செய்து விற்ற மாற்று உறுப்புகள் ஏராளம். நம் திறனாய்வுத் துறையை இங்கே இழுக்க வேண்டாம் என்றுதான் பார்க்கிறேன்; ஆயினும் இறக்குமதிக் கோட்பாடுகளைப் பூட்டிக்கொண்டு, நம் மண்ணுக்கேற்ப ஒரு திருகும் திருகாமல் ஓட்டிக் கவிழ்ந்த கட்டுரைகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். எழுதியும் இருக்கிறேன்.

சொல்லைப் பற்றியும் ஒன்று. 'சஸ்பென்ஷன்' என்பதைத் 'தொங்கல்' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. ஐரோப்பியக் கோச்சு வண்டிகளின் உடல் ஒரு காலத்தில் தோல்வாரில் தொங்கியதால் அவர்களுக்கு அந்தச் சொல் பொருந்திற்று. நம் ஊரார் இரும்புப் பட்டைகளை அடுக்கிப் பூட்டிய மாட்டுவண்டியைப் பார்த்து 'வில்வண்டி' என்றார்கள். வளைந்து, தாங்கி, நிமிர்வது வில். பெயர் வைத்தவர் எந்தக் கலைச்சொல் குழுவிலும் இருந்ததில்லை.

இனி நண்பரின் கேலிக்கு வருகிறேன். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவம் சிறுதேர். பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனையே சிறுதேர் உருட்ட அழைத்திருக்கிறார். அதற்கும் பல நூற்றாண்டு முன்பு, குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர்கீரனார், தச்சன் செய்த சிறுவண்டியை ஏறி ஊர முடியாவிட்டாலும் கையால் இழுத்தே இன்புறும் சிறுவரை உவமையாக்குகிறார். அந்த இன்பத்தைக் கிடைக்காத ஒன்றின் ஈடு என்றே ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கி வந்தேன். இப்போது அப்படிச் சொல்ல நா எழவில்லை. ஊர்பவன் தான் ஊரும் வண்டியைக் காண்பதில்லை. வெளியே நிற்பவனுக்கே சக்கரம் மேட்டில் ஏறுவதும், வில் அமிழ்வதும், உடல் அசையாமல் கடப்பதும் தெரியும். உவமையின் பொருளை அது மாற்றுமா என்பதை அகப்பாடல் அறிந்தவர்கள் சொல்லட்டும். எனக்கு மாற்றுகிறது. அந்தத் தச்சனைப் பற்றி வகுப்பில் இதுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை என்பதும் உறுத்துகிறது.

அடுத்த வாரம் முதலாண்டு வகுப்பில் அப்பாடல் வருகிறது. லாரியை ஒருநாள் கல்லூரிக்குக் கொண்டுபோகலாமா என்று மருமகனிடம் கேட்டேன். தண்டில் ஒட்டியிருந்த செம்மணலைத் துணியால் துடைத்துக்கொண்டே, "பின்னால எண்ணெய் மாத்தணும் மாமா. சனிக்கெழம கழிச்சு எடுத்துட்டுப் போங்க" என்றான்.