உலகஞ் சுற்ற ஓர் உத்தேசம்

உலகமெங்குஞ் சென்றுவரப் போதிய பொருளைக் கொடுத்து, "எதன்பொருட்டுச் செல்ல விரும்புகின்றாய்?" என ஒருவர் வினவுவாராயின், நம் மாணாக்கர் என்ன விடை கூறுவர்? பெரும்பாலார் ஊர்ப்பெயர்களை அடுக்குவரென்றே அஞ்சுகின்றோம். பாரிஸ், இலண்டன், நியூயார்க் என்பது பொருளைச் செலவிடும் வழியேயன்றி நோக்கமாகாது.

இவ்வினா வெறுங் கற்பனையன்று. பாரிஸ் நகரத்துச் செல்வர் ஆல்பெர்ட் கான் என்பார் இளம் ஆசிரியர்கள் உலகஞ் சுற்றிவர 1898-ஆம் ஆண்டில் உபகாரத்தொகை ஏற்படுத்தினார்; 1905 முதல் பெண்மணிகளுக்கும் அது வழங்கப்பெற்றது. அமெரிக்காவில் 1968-இல் தொடங்கப்பெற்ற தாமஸ் வாட்சன் உதவி இன்றும் நடைபெறுகின்றது. அந்நாட்டுச் சில கலாசாலைகளின் இறுதியாண்டு மாணாக்கர்க்கே அஃது உரியது. பெற்றவர் ஓராண்டு தம் நாட்டிற்கு வெளியே இருத்தல் வேண்டும். இடையில் வீடு திரும்பலாகாது. பல்கலைக்கழகம் எதிலுஞ் சேர்ந்து பயிலலுங் கூடாது. இவற்றுள் இறுதி விதியையே யாம் பெரிதும் மதிக்கின்றோம். பாடத்திட்டமில்லாத இடத்திலன்றோ ஒருவன் எதனை அறிய விரும்புகின்றான் என்பது வெளிப்படும்!

உப்பை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி உப்பளங்களை நம்மிற் பலர் கண்டிருப்பர். கடல்நீர் வெயிலில் வற்ற உப்பு விளையும். இதனை அறியக் கப்பலேற வேண்டுவதில்லை. ஆயின், பாத்தியின் அடிச்சேறு உப்பிற் கலவாமற் காப்பது எங்ஙனம்? பிரான்சு தேசத்துக் கெராந்த் உப்பளத்தார் களிமண் தரையிலிருந்தே உப்பை வாரி, அதன் சாம்பல் நிறத்தைப் பெருமையாகக் கொள்கின்றனர். நீர்மேற் படரும் வெண்ணுப்பை மட்டுந் தனியே வழித்தெடுக்கின்றனர். சுலோவீனியாவின் செச்சோவ்லியேயில், பாசியுங் கனிமங்களுஞ் சேர்ந்த மெல்லிய படலமொன்றைத் தரைமேல் வளர்த்துச் சேற்றைத் தடுக்கின்றனர். பெரு நாட்டு மாராஸிலோ கடலே இல்லை. மலைச்சரிவில் உவர்நீர் ஊற்றொன்று ஆயிரக்கணக்கான சிறு பாத்திகளுக்குப் பாய்கின்றது. அவை குடும்பங்களுக்கு உரியன. ஆங்கு எவர் பாத்திக்கு முதலில் நீர் விடுவது? மழை கெடுத்த பருவத்தில் அக்குடும்பம் எங்ஙனம் பிழைக்கும்? பாத்திக்கு உடையவனும், நம் நாட்டு உப்பளத்திற் கூலிக்கு உழைப்பவளும் ஒரே வகையாய் வானத்தை நோக்குவரோ? நூல்நிலையத்தில் அமர்ந்து இவற்றுக்கு விடை காண்டல் அரிது. பொருளுதவி கேட்டற்குத் தகுதியானவை இத்தகைய வினாக்களே.

உப்பு மிகச் சிறிய பொருளென்பாருக்கு மறுமொழி கூற விரும்பிலோம். வேறொரு தடையே எமக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது. பிறர் பொருளிற் சென்று, வெயிலிற் பாடுபடுவோரைக் கண்டு, குறிப்பெழுதி மீள்பவனால் அவர்க்கு ஆவதென்ன? ஒன்றுமில்லையென்று கூறத் துணிவோம். அவன் தானும் பலகை பிடித்து உப்பு வாரினாலன்றி. ஆதலின், உத்தேசம் எழுதுவோர் தம் கைக்கும் ஒரு வேலையை அதிற் குறித்துக்கொள்ளுதல் முறையாகும். செல்வோரைப் பொறுத்துக்கொள்ளும் ஊராரும் ஒரு வகையிற் பொருளுதவி செய்வோரே.

அமெரிக்க உதவி நமக்கு உரித்தன்று. எனினும், நம் மாணவர் சங்கத்தார் ஆண்டுதோறும் இத்தகைய உத்தேசங்களை, ஒரு பக்க அளவில், எல்லா வகுப்பினரிடமும் வாங்கி, சிறந்த ஒன்றிற்குப் பரிசளிக்கலாமென்பது எமது கருத்து. கப்பற் கட்டணத்திற்குச் சங்கத்தின் நிதி போதாது. தூத்துக்குடிக்குச் சென்றுவரும் இரயிற் செலவோடு, ஒரு வாரச் சாப்பாட்டிற்கும் போதுமாயின் அமையும்.