வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்



அக்டோபர் பிறந்தால் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகப் பெரிய கட்டடங்களில் இளஞ்சிவப்பு விளக்கு எரிகிறது. ரிப்பன், டி-ஷர்ட், காலை நடை எல்லாம் உண்டு. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வெளிச்சம் நம் வீட்டுக் குளியலறை வரை வருவதில்லை. சோப்புப் போடும்போது மார்பில் தட்டுப்பட்ட கட்டியை அம்மாவிடமும் சொல்லாமல், கணவரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் மனசுக்குள்ளேயே வைத்திருக்கும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த மாதம் அவர்களோடுதான் பேச விரும்புகிறேன்.

ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று கேட்டால் முதலில் வரும் பதில், “வலிக்கலையே.” வலித்தாலே வேலை பார்த்துப் பழகியவர்கள் நாம். வலிக்காத ஒன்றுக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது ஆடம்பரமாகத் தோன்றுகிறது. ஆனால் இந்த நோயில் கணக்கு தலைகீழ். மாதவிலக்குக்கு முன் மார்பு கனத்து வலிப்பது பெரும்பாலும் ஹார்மோன் விளையாட்டு, தானே அடங்கிவிடும். புற்றுநோய்க் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

அடுத்து, வேலைகள். பையனுக்குப் பரீட்சை முடியட்டும், நாத்தனார் பெண் கல்யாணம் முடியட்டும், ஆடி கழியட்டும். பிறகு கூச்சம்: ஆண் டாக்டராக இருந்தால்? பிறகு செலவு. எல்லாவற்றுக்கும் அடியில் பயம். கேன்சர் என்றாலே நம் சினிமா இரண்டு இருமல், கைக்குட்டையில் ரத்தம், கடைசிப் பாட்டு என்றே காட்டி வந்திருக்கிறது. குணமாகிச் சமையலறைக்கும் ஆபீசுக்கும் திரும்பிய பெண்ணை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்?

இந்தியப் பெண்களுக்கு இப்போது அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய்தான். 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் நம் நாட்டில் சுமார் 1,92,000 பேருக்குப் புதிதாக வந்தது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் நோய் கண்டறியப்பட்டவர்களில் 100க்கு 90 பேர் ஐந்தாண்டுகளைத் தாண்டுகிறார்கள். 2010-14 காலக் கணக்குப்படி இங்கே 66 பேர். அவர்களுக்கு வரும் நோயும் நமக்கு வரும் நோயும் அடிப்படையில் ஒன்றுதான். நாம் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது கட்டி முற்றியிருப்பது இந்த இடைவெளிக்கு ஒரு பெரிய காரணம்.

“மாதம் ஒருமுறை நீங்களே தடவிப் பாருங்கள், போதும்” என்று பத்திரிகைக்காரர்கள் நாங்கள் நெடுங்காலம் எழுதிவந்தோம். ஷாங்காயில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பஞ்சாலைகளில் வேலை செய்த சுமார் 2,66,000 பெண்களில் பாதிப் பேருக்கு முறையாகச் சுயபரிசோதனை கற்றுக்கொடுத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2002இல் வந்த முடிவு: சாதாரணக் கட்டிகள் அதிகம் கண்டுபிடிக்கப்பட்டன, இறப்பு மட்டும் குறையவில்லை. அதற்காகத் தொட்டே பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நாள் குறித்து, படம் பார்த்துப் பரீட்சை எழுதுவதுபோல் செய்து பதற வேண்டாம். உங்கள் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் மாறும்போது தெரியும். மற்றதைப் பயிற்சி பெற்ற கையிடம் விடுங்கள்.

அந்தக் கை டாக்டருடையதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மும்பை டாடா நினைவு மையம் 1998இல் குடிசைப்பகுதிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயதுக்குட்பட்ட 1,51,538 பெண்கள். அவர்களில் ஒரு பாதியினரை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை என நான்கு சுற்று கையால் பரிசோதித்தார்கள். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் இல்லை. 2021இல் வெளியான முடிவில், பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முற்றாத நிலையிலேயே பிடிபட்டிருந்தது. 50 வயதைத் தாண்டியவர்களிடையே இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. 50க்குக் கீழே அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று காட்டிய ஆய்வு இது. எனக்கு மிகவும் பிடித்தது.

30 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கையால் பார்க்கும் இந்தப் பரிசோதனை உண்டு. சர்க்கரை, பிரஷர் பார்க்கப் போகும்போது, “மார்பகமும் பார்க்கணும் சிஸ்டர்” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கட்டி மட்டுமல்ல, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது, ரத்தம் கலந்த நீர் வருவது, தோல் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல்போல் தடிப்பது, அக்குளில் நெறி கட்டுவது எதுவானாலும் காட்டுங்கள். குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துதான். ஆண்களுக்கும் அபூர்வமாக வரும். வீட்டுக்காரர் மார்பில் கட்டி என்றால் அவரையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

மார்பகத்தில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எது என்று சொல்ல ஸ்கேன், மேமோகிராம், ஊசியால் சிறு துண்டு எடுக்கும் பயாப்சி வேண்டியிருக்கலாம். “ஊசி பட்டால் பரவிடும்” என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். அவர் பாசத்தில் சொல்வது, உண்மை அல்ல. பயாப்சிக்குப் பயந்து தள்ளிப்போடும் காலத்தில்தான் நோய் பரவுகிறது.

இன்னொரு பயத்தை வாய்விட்டு யாரும் சொல்வதில்லை: மார்பை எடுத்துவிடுவார்களோ? ஒரு காலத்தில் அடியில் உள்ள தசையோடு சேர்த்தே அகற்றினார்கள். இப்போது சீக்கிரம் வந்தால் பலருக்குக் கட்டியையும் சுற்றிச் சிறு பகுதியையும் மட்டும் எடுத்து, கதிர்வீச்சு கொடுப்பது போதும். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், இவர்களும் முழுதாக எடுத்தவர்கள் அளவுக்கே வாழ்ந்திருக்கிறார்கள்.

சரி, சிகிச்சைக்கு எங்கே போவது? தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு சென்னை அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இன்று நாடறிந்தது. மறுவருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அதற்காகவே உழைத்தார். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் இன்று வழிகாட்ட ஆள் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். கட்டியைக் காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் என்ன நோய் என்று தெரிந்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. அதற்குமேல் இழுத்தடித்தால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

துணைக்கு யார் வருவார் என்பதும் நம் ஊரில் பெரிய விஷயம். ஓரகத்தியோ தோழியோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ சொல்லத் தயங்கி நின்றால், “நான் வரேன், திங்கட்கிழமை போகலாம்” என்று நாளைக் குறித்துவிடுங்கள். சிகிச்சை முடித்து வந்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள்: முதலில் யாரிடம் சொன்னீர்கள், என்ன தடுத்தது, கீமோ நாட்களில் சமையலை யார் பார்த்துக்கொண்டார்கள். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்