சிந்திய விஷமும் சர்வகலாசாலைகளும்

1996-ஆம் வருஷம் ஆகஸ்ட் 14-ந் தேதி அமெரிக்காவிலுள்ள டார்ட்மத் கலாசாலையின் ரஸாயனக் கூடத்தில், காரென் வெட்டர்ஹான் என்ற பேராசிரியையின் கையுறைமீது டைமீதைல் பாதரசம் சில துளிகள் சிந்தின. அவ்வம்மையார் உலோக விஷங்களையே ஆராய்ந்து கீர்த்தி பெற்றவர். ஆவியை இழுத்து வெளியேற்றும் கூண்டுக்குள், கையுறை அணிந்து, விதி தவறாமல் வேலை செய்துகொண்டிருந்தவர். அந்த ரப்பர் உறையை இவ்விஷம் சில விநாடிகளிலேயே ஊடுருவும் என்பது பின்னரே பரீட்சித்து அறியப்பட்டது. ஐந்து மாதங்களுக்குப் பின் அவருக்கு நடை தள்ளாடிற்று, பேச்சுக் குழறிற்று. 1997 ஜூன் 8-ந் தேதி தமது 48-வது வயதில் காலமானார்.

கற்றறிந்தவருக்கே இக்கதியாயின், நமது கலாசாலைகளில் ஏதேனும் சிந்தினால் துடைப்பமும் ஈரத்துணியுமாக அழைக்கப்படுகிறாரே கூட்டுபவர், அவர் கதி யாது? புட்டியில் இருந்தது இன்னதென்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. புட்டியின்மேல் ஒட்டிய சீட்டோ ஆங்கிலத்தில். அவருடைய சம்பளம் பேராசிரியரின் சம்பளத்தில் சிறு பங்கு. சுவாசப்பை மட்டும் இருவருக்கும் ஒன்றுபோலவே படைக்கப்பட்டிருக்கிறது.

சிந்தியவுடன் முதற் காரியம் துடைப்பதன்று. அறையிலுள்ளோரை எச்சரித்து வெளியேற்றுவதும், பொறுப்பாளருக்கு அறிவிப்பதுமேயாகும். எதற்கும் தண்ணீரைக் கொட்டுவது பேதைமை. சோடியம் தண்ணீர் பட்டால் தீப்பற்றும். அடர்ந்த கந்தக அமிலம் கொதித்துத் தெறிக்கும். உடைந்த வெப்பமானியின் பாதரசத்தைப் பெருக்கினால் அது நுண்மணிகளாகச் சிதறி முன்னிலும் அதிகமாக ஆவியாகும். ஆனால் கண்ணிலோ உடலிலோ அமிலம் பட்டுவிட்டால் தயக்கமின்றிக் குறைந்தது 15 நிமிஷம் ஓடும் நீரில் கழுவவேண்டும். நனைந்த ஆடையை உடனே களையவேண்டும். இங்கே நம் மாணவிகள் நாணத்தால் தயங்கக்கூடும். நீர்த்தாரைக்கு ஒரு திரை கட்டுங்கள் என்றால் அற்ப விஷயமென்று நகைப்பாருமுண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை.

இன்னொன்று. சிந்தியதையும் உடைத்ததையும் ஒப்புக்கொள்ளும் மாணவனிடம் அபராதம் வசூலிக்கும் வழக்கம் இருக்குமிடத்தில், அவன் மறைக்கவே கற்பான். உண்மை சொல்பவனுக்குத் தண்டனை, ஒளிப்பவனுக்கு லாபம் என்ற விதி எந்த நியாயஸ்தலத்திலும் செல்லத்தக்கதன்று.

பொறுப்பு மாணவனோடு முடிவதுமில்லை. லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் 2008 டிசம்பரில், காற்றுப் பட்டவுடன் எரியும் திராவகம் சிந்தி, மேலங்கி அணியாதிருந்த இளம் உதவியாளர் ஒருவர் தீக்காயமுற்று அடுத்த மாதம் மாண்டார். 2011-இல் அவருடைய பேராசிரியர்மீதும் சர்வகலாசாலையின் ஆட்சிக்குழுமீதும் கிரிமினல் வழக்கே தொடரப்பட்டது.

நமது துணைவேந்தர்கள் அப்படியொரு வழக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு ரஸாயனக் கூடத்திலும் தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகையும், கண் கழுவும் குழாயும் ஏற்படவேண்டும். அதற்கான ஆலோசனைக் கூட்டத்திற்குக் கூட்டுபவர்களின் பிரதிநிதி ஒருவரையும் அழைத்து உட்காரவைக்க வேண்டும்.