சர்வீஸ் போட்டவர் பின்னால் நிற்பதேன்?



பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே திடலில் சேர்ந்து ஆடத்தக்க விளையாட்டாகிய பிக்கிள்பால் இன்று நம் நகரங்களிலும் பரவி வருகின்றது. 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சார்ந்த பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சார்ட் என்பவரும் அவருடைய நண்பர்களும் ஒரு பழைய இறகுப்பந்துத் திடலில் தொடங்கிய ஆட்டம் இது. 44 அடி நீளம், 20 அடி அகலம் என்னும் அந்த அளவே இன்றும் நிலைத்துள்ளது. விதிகளை ஒரே மாலையில் கற்றுவிடலாம். ஆனால் இரட்டையர் ஆட்டத்தில் சர்வீஸ் போடும் அணி எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பல மாதங்கள் ஆடியும் கற்றுக்கொள்ளாதவர் பலர். இம்மாதம் அதைப் பற்றியே பேச விழைகின்றேன்.

டென்னிஸ் பார்த்துப் பழகிய கண்களுக்கு சர்வீஸ் என்பது பெரும் ஆயுதமாகத் தோன்றும். இங்கே நிலைமை நேர்மாறானது. சர்வீஸாக வரும் பந்து ஒருமுறை தரையில் பட்ட பின்னரே எதிரணியினர் அதை அடிக்க வேண்டும். அவர்கள் திருப்பி அனுப்பும் பந்தும் நம் பக்கத்தில் ஒருமுறை தரையில் பட்ட பின்னரே நாம் அதைத் தொடலாம். வலையிலிருந்து 7 அடி வரையுள்ள பகுதிக்கு, வேடிக்கையாக, 'கிச்சன்' என்று பெயர். அதனுள் நின்றுகொண்டு தரையில் படாத பந்தை அடிக்கலாகாது. ஆகவே அதன் கோட்டை ஒட்டி நிற்பவரே ஆட்டத்தை ஆள்பவர். எதிரணியில் ஒருவர் தொடக்கத்திலேயே அங்கு நிற்கின்றார். மற்றவர் பந்தைத் திருப்பிய உடனே அங்கு விரைந்து வருகின்றார். நாமோ பந்து துள்ளும்வரை பின்னால் காத்திருக்கக் கடமைப்பட்டவர்கள். ஆயினும் வழக்கமான முறைப்படி புள்ளி பெறும் உரிமை சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே உண்டு! உரிமை நம்மிடம், நல்ல இடம் அவர்களிடம் என்பதே இதன் சிக்கல்.

பெரும்பாலோர் செய்யும் பிழை சர்வீஸ் போடுபவரிடம் இல்லை. அவருடைய கூட்டாளியிடமே உள்ளது. வலையருகே நிற்பதுதான் சிறப்பு என்று கேள்விப்பட்டு அவர் முன்னே சென்று நின்றுவிடுகின்றார். திரும்பி வரும் பந்து அவருடைய காலடியில் விழும், துள்ளும்வரை அடிக்க முடியாது, பின்வாங்கித் தடுமாறுவார். எனவே இருவரும் பின்கோட்டிற்கு வெளியே ஓரடி தள்ளி நிற்பதே முறை. முன்னோக்கி ஓடுவது எளிது. பின்னோக்கி ஓடுவது கடினம், வயது வந்தோருக்கு ஆபத்தும் கூட.

சர்வீஸில் வேகத்தைக் காட்டுவது, என் கருத்தில், பெரும்பாலும் வீண் ஆசையே. பந்து பின்கோட்டை ஒட்டி ஆழமாக விழட்டும், அது போதும். எதிராளி பின்னே நகர்ந்து அடித்தால், கிச்சன் கோட்டை அடைய அவர் ஓட வேண்டிய தொலைவு கூடுகின்றது. (வலையில் உரசிச் சரியான கட்டத்தில் விழும் சர்வீஸ் 2021 முதல் செல்லுபடியாகின்றது, அசட்டையாக நிற்காதீர்கள்.)

இனி மூன்றாவது அடி. இதுவே சர்வீஸ் அணியின் உயிர்நாடி. பந்தை ஓங்கி அடிக்காமல், அதன் உச்சம் நம் பக்கத்திலேயே அமையுமாறு மெல்ல உயர்த்தி, எதிரணியின் கிச்சனுக்குள் இறக்க வேண்டும். வலைக்குக் கீழே தாழ்ந்துவிட்ட பந்தை அவர்கள் மேல்நோக்கித்தான் அடிக்க இயலும். அந்த இடைவெளியே நாம் முன்னேறும் வழி. வலையின் உயரம் ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். மூலைவிட்டமாக அனுப்பினால் தொலைவும் மிகுதி, வலையும் தாழ்வு. இயன்றால், இன்னும் ஓடிவந்துகொண்டிருப்பவரின் காலடியை நோக்கி அனுப்புங்கள். திரும்பி வந்த பந்து குட்டையாக விழுந்து உயர எழுந்தால் மட்டும் தயங்காமல் ஓங்கி அடிக்கலாம்.

முன்னேறுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பந்தை அனுப்பிவிட்டோம் என்பதற்காகவே ஓடலாகாது. எதிராளி குனிந்து எடுக்கின்றாரா? இருவரும் சேர்ந்து முன்னே செல்லுங்கள். தோளுயரத்தில் அடிக்கக் காத்திருக்கின்றாரா? நின்ற இடத்திலேயே தடுக்க ஆயத்தமாகுங்கள். அவர் மட்டை பந்தைத் தொடும் கணத்தில் நம் கால்கள் நின்றிருக்க வேண்டும், பாதி வழியில் இருந்தாலும் சரியே. ஒரே ஓட்டத்தில் கோட்டை அடைய வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. இரண்டு, மூன்று தவணைகளில் போய்ச் சேரலாம். ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகப் பிரிந்தால் இடையில் பெரிய வாசல் திறந்துவிடும்.

நடுவே வரும் பந்து யாருக்கு என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். இருவரும் வலக்கைக்காரர் எனில், இடப்பக்கம் நிற்பவருக்கு அது முன்கைப் பந்து, அவரே எடுக்கட்டும். ஒருவர் இடக்கைக்காரராயின், சர்வீஸ் போட்டவுடன் இடம் மாற்றிக்கொண்டு இருவருடைய முன்கையும் நடுவில் அமையுமாறு நிற்கலாம். சர்வீஸ் போடுபவர் மட்டுமே புள்ளிக் கணக்கின்படி உரிய பக்கத்தில் நிற்கக் கட்டுப்பட்டவர். கூட்டாளி எங்கும் நிற்கலாம், திடலுக்கு வெளியேயும்கூட.