கை சின்னது என்று குழந்தையைத் திருப்பி அனுப்பாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயலின் கற்கும் பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். இல்லாவிட்டாலும் படியுங்கள், பிள்ளைகளைப் பற்றிய விஷயம்தான்.

எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி ஒன்றரை வருடமாக வயலின் கற்றுவந்தாள். சரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம் சுத்தமாக வந்தது. மேல்ஸ்தாயி வரிசைக்கு வந்ததும் தடங்கல். மேலே போகப் போகக் கை இறுகியது, சுருதி விலகியது, மணிக்கட்டில் வலி வந்தது. கற்றுக்கொடுத்தவர் அவள் உள்ளங்கையைத் தன் உள்ளங்கையோடு வைத்துப் பார்த்துவிட்டு, "கை ரொம்பச் சின்னது. வயலின் இவளுக்கு ஒத்துவராது. பாட்டில் சேர்த்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டாராம். அந்த வயலின் இப்போது பீரோவுக்கு மேலே கிடக்கிறது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை. பல வீடுகளில் கேட்டுவிட்டேன். அதிலும் பெண் பிள்ளைகளிடம்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வித்வான் இல்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து, 34 வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். பன்னிரண்டு வயதிலிருந்து வயலின் வாசிக்கிறேன், வீட்டோடு சரி. என் கைக்கு ரெண்டு-ரெண்டு சைஸ் வளையல்தான் ஏறும். கடைக்காரர் அந்த அளவைத் தேடி எடுப்பதற்குள் இரண்டு பேருக்கு வியாபாரம் முடித்துவிடுவார். அந்தக் கையோடுதான் இத்தனை வருடமும் மேல் பஞ்சமத்தைத் தொட்டு வருகிறேன். ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் சொந்தப் பாடமும் உண்டு.

முதலில் ஒரு கணக்கு. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

முழு அளவு வயலினில் அதிர்கிற தந்தியின் நீளம் சுமார் 32.5 செ.மீ. நம் முறையில் மெல்லிய தந்தியை அழுத்தாமல் மீட்டினால் பஞ்சமம். அதே தந்தியைச் சரிபாதியில் தொட்டால் மேல் பஞ்சமம். கீழே பஞ்சமத்துக்கும் சதுச்ருதி தைவதத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 3.6 செ.மீ. மேலே, பாதித் தந்திக்குப் போனபின் அதே இரண்டு ஸ்வரங்களுக்கும் இடையே உள்ள தூரம் 1.8 செ.மீ. சரியாகப் பாதி!

இதிலிருந்து என்ன தெரிகிறது? மேலே போகப் போக விரல்களை அகட்ட வேண்டிய தேவை குறைகிறது. அங்கே அரை ஸ்வர இடைவெளி ஒரு சென்டிமீட்டர்தான். தடித்த விரல்காரர்கள் ஒரு விரலை எடுத்துத்தான் இன்னொன்றை வைக்க வேண்டியிருக்கும். சின்ன விரலுக்கு அங்கே இடம் தாராளம். மேல்ஸ்தாயியில் சின்னக் கை ஒரு குறையே இல்லை, பல சமயம் வசதி. விரல் அகட்டச் சிரமப்பட வேண்டியது கீழ்ப்பகுதியில்தான். அங்கே தட்டுத் தடுமாறாமல் வாசித்த பிள்ளையை மேல்ஸ்தாயிக்கு வந்ததும் "கை சின்னது" என்று நிறுத்துவது கணக்குக்கே பொருந்தவில்லை.

அப்படியானால் மேலே ஏன் தடங்கல் வருகிறது? நான் கவனித்த வரையில் மூன்று காரணங்கள்.

முதலாவது, வாத்தியத்தின் அளவு. "வளர்கிற பிள்ளை, எத்தனை தடவை வாங்குவது?" என்று பத்து வயதிலேயே முழு அளவு வயலின் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் பாருங்கள். மூன்று வருடத்துக்குச் சேர்த்துத் தைத்த சட்டையில் பிள்ளை தொலைந்துபோயிருக்கும். சட்டை பெரிதானால் கையை மடித்துவிடலாம். வயலினை எங்கே மடிப்பது?

முழு அளவு வயலினின் உடல் சுமார் 14 அங்குலம், முக்கால் அளவு சுமார் 13 அங்குலம், அரை அளவு சுமார் 12 அங்குலம். முக்கால், அரை என்பது பெயர்தான், நீளத்தில் வித்தியாசம் ஒவ்வோர் அங்குலம். ஆனால் அந்த ஓர் அங்குலம்தான் பிள்ளையின் கையைக் காப்பாற்றுகிறது. முழு அளவுக்கும் முக்காலுக்கும் நடுவே ஏழு-பை-எட்டு என்று ஓர் அளவும் உண்டு. வளர்ந்த பிறகும் கை சின்னதாகவே இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. வாங்கும்போது வயலினைப் பிள்ளையின் தோளில் வைத்து இடது கையை நீட்டச் சொல்லுங்கள். முழங்கை லேசாக மடங்கியபடியே சுருள்முனையை உள்ளங்கைக்குள் பிடிக்க முடிய வேண்டும். எட்டிப் பிடித்தால் அது அவளுக்குப் பெரியது. கடைக்காரர் என்ன சொன்னாலும் பெரியதுதான்.

இரண்டாவது, கட்டைவிரல். நம் முறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வலது காலைச் சற்று முன்னே விட்டு, கணுக்கால் பக்கத்தில் சுருள்முனையைப் பொருத்தி, மறுமுனையை மார்புக்கும் தோளுக்கும் அணைவாக வைக்கிறோம். வயலினைக் காலும் மார்பும் தாங்கிக்கொள்வதால் இடது கைக்குச் சுமை இல்லை, அது தந்தி நெடுக ஓடலாம். மேல்நாட்டு முறையில் தாடையாலும் தோளாலும் பிடிப்பதால், கீழே இறங்கும்போது வயலினும் கையோடு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நமக்கு அந்தக் கவலை குறைவு. கமகத்துக்காக ஒரு விரலிலும் இரண்டு விரலிலும் இழைத்து வாசிக்கும் நம் வழக்கமும் சின்னக் கைக்குச் சாதகம். நான்கு விரலையும் ஒரே சமயத்தில் பரப்பி வைக்க வேண்டிய கட்டாயம் நமக்கு அவ்வளவாக இல்லை. முழுக் கையும் நகர்கிறது.

ஆனால் வயலின் பெரிதாக இருந்து பிள்ளை சின்னதாக இருந்தால் சுருள்முனை கணுக்காலில் சரியாக உட்காராது. வாத்தியம் ஆடும். ஆடினால் பிள்ளை கட்டைவிரலால் கழுத்தை இறுக்கிப் பிடிப்பாள். அது அவள் தப்பு இல்லை, விழாமல் காப்பாற்றுகிறாள். இறுகிய கட்டைவிரல் நகராது. விரல்கள் மேலே போகும், கட்டைவிரல் கீழேயே நிற்கும், மணிக்கட்டு கோணலாக வளையும், தோள் தூக்கும். பார்ப்பவருக்கு "எட்டவில்லை" என்று தோன்றும். உண்மையில் கையைக் கட்டைவிரல் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கிறது.

வழி இதுதான். முதலில் வாத்தியத்தை ஆடாமல் உட்கார வையுங்கள். பிறகு வில்லைக் கீழே வைத்துவிட்டு, இடது கையை மட்டும் கழுத்தின் அடியிலிருந்து மேலே வரை சும்மா ஓட்டிப் பழகச் சொல்லுங்கள். கட்டைவிரல் கூடவே வரட்டும். கழுத்து முடிந்து உடல் தொடங்கும் இடத்தில் பெரிய கைக்காரர்கள் கட்டைவிரலை அங்கேயே நிறுத்தி விரல்களை மட்டும் மேலே அனுப்பிவிடுவார்கள். சின்னக் கைக்கு அது முடியாது, தேவையும் இல்லை. கட்டைவிரல் கழுத்தின் அடியிலிருந்து வெளியே வந்து பக்கவாட்டில் லேசாகச் சாய்ந்துகொள்ளலாம். முழங்கை உள்பக்கமாக, வயிற்றை நோக்கி வரட்டும். முழங்கை வந்தால் விரல்கள் தானாகத் தந்திக்கு மேலே வந்து நிற்கும். கை நீளம் வளராது என்பது உண்மைதான். முழங்கை நகர்ந்தால் எட்டும் தூரம் வளரும்.

மூன்றாவது, குதிரை. விலை குறைந்த வயலின்கள் பலவற்றில் குதிரை உயரமாகவே வருகிறது. கீழ்ப்பகுதியில் இது தெரியாது. மேலே போகப் போகத் தந்திக்கும் விரல்பலகைக்கும் இடைவெளி அதிகமாகி, அழுத்த முடியாமல் பிள்ளையின் விரல்நுனி வெட்டுப்படும். வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால் குதிரையை இழைத்து உயரத்தைக் குறைத்துத் தருவார். சின்ன வேலைதான். அதைச் செய்யாமல் "அழுத்து, இன்னும் அழுத்து" என்று பிள்ளையிடம் சொல்வது, மொட்டை அரிவாளைக் கொடுத்துவிட்டு நெல்லறுக்கத் தெரியவில்லை என்று சொல்வது போல.

"பெரிய வித்வான்களுக்கு நீளமான விரல்தானே" என்று கேட்பீர்கள். பாகனினியின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1831இல் அவரைப் பரிசோதித்து எழுதிய மருத்துவர் பென்னாட்டி, அவர் கை சாதாரண அளவுதான், மூட்டுகளின் நெகிழ்வால்தான் அவ்வளவு தூரம் எட்டியது என்றே குறித்திருக்கிறார். பெண்களைப் பற்றிக் கேட்டால், 2016இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றவர் வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமரி. என். ராஜம் ஹிந்துஸ்தானி இசையில் வயலினைக் குரல் போலவே பேச வைத்தவர். வயலின் ஆண் கைக்கான வாத்தியம் என்ற எண்ணம் நம்மிடம் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதைத் துடைத்துவிடலாம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சின்னக் கைக்குச் சிரமமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மந்தர ஸ்தாயியில், தடித்த தந்தியில் விரல் அகட்டுவது நிச்சயம் கடினம். இரண்டு தந்திகளைச் சேர்த்து வாசிப்பதும் அப்படியே. அங்கே அகட்டுவதற்குப் பதில் கையையே நகர்த்திப் பழக வேண்டும். அதற்குக் கூடுதல் நாள் ஆகும். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். வலியோடு வாசித்தால்தான் வித்தை வரும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வகுப்பறையில் நாங்கள் செய்தது என்ன? பெஞ்சு உயரமாக இருந்து பிள்ளையின் கால் தரையில் படாவிட்டால் காலடியில் ஒரு பலகை போட்டோம். கரும்பலகை தெரியாத பிள்ளையை முன்வரிசைக்கு மாற்றினோம். இடது கையால் எழுதுகிற பிள்ளையை இடது ஓரத்தில் உட்கார வைத்தோம். யாரையும் "உனக்கு உடம்பு சரியில்லை, பள்ளிக்கூடம் ஒத்துவராது" என்று வீட்டுக்கு அனுப்பவில்லை. பிள்ளைக்கு ஏற்ப இடத்தை மாற்றுவதுதான் ஆசிரியர் வேலையில் பாதி. சங்கீத ஆசிரியருக்கும் அது பொருந்தும்.

பத்து வயதில் "உன் கை சரியில்லை" என்று கேட்ட குழந்தை வயலினை மட்டும் விடுவதில்லை. தன் உடம்பில் ஏதோ குறை என்று நம்பத் தொடங்குகிறாள். நாளை வேறு ஏதாவது கடினமாக இருந்தால் அதற்கும் அதே காரணத்தைத் தேடுவாள். அதுதான் என் கவலை.

ஆகவே பெற்றோர்களே, யாராவது உங்கள் பிள்ளையின் கையைப் பார்த்துத் தலையை ஆட்டினால், முதலில் வயலினின் அளவைப் பாருங்கள், உட்காரும் விதத்தைப் பாருங்கள், குதிரையைப் பாருங்கள், கட்டைவிரலைப் பாருங்கள். நான்கையும் சரிசெய்து ஆறு மாதம் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிள்ளைக்கே பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். ஆனால் அந்த முடிவைப் பிள்ளையின் விருப்பம் எடுக்கட்டும், உள்ளங்கையின் அளவு எடுக்க வேண்டாம்.

உங்களில் சின்னக் கையோடு வயலின், வீணை, புல்லாங்குழல் வாசிப்பவர்கள் இருந்தால் கருத்தில் எழுதுங்கள். யாராவது ஒரு வீட்டில் பீரோ மேலிருந்து ஒரு வயலின் இறங்கினால் போதும்.