மணிக்கூட்டின் விலையும் அன்பளிப்பின் விலையும்

 

இலட்சக்கணக்கில் விலைபோகும் மணிக்கூடுகளை ஒப்பிடும் வீடியோக்கள் இப்போது நம் பிள்ளைகளின் ஃபோன்களில் நிறைய ஓடுகின்றன. நாமும் இரண்டை ஒப்பிட்டுப் பார்ப்போம். இரண்டும் இந்திய அரசியல்வாதிகளின் கைகளில் இருந்தவை.

முதலாவது, வைரம் பதித்த ஹுப்லோ என்ற சுவிஸ் மணிக்கூடு. 2016இல் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா கட்டியிருந்தார். இதன் பெறுமதி 70 இலட்சம் இந்திய ரூபா என்று எதிர்க்கட்சியின் குமாரசாமி பிரச்சினை கிளப்பினார். நண்பர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்தது என்றார் முதலமைச்சர். சத்தம் அடங்கவில்லை. மார்ச் மாதம் அதைச் சபாநாயகரிடம் ஒப்படைத்தார். அது அரச சொத்தானது.

இரண்டாவது, பெல் அண்ட் ரோஸ் நிறுவனம் ரஃபேல் போர் விமானத்தின் பெயரில் 500 மட்டுமே செய்த குரோனோகிராஃப். நேரம் காட்டுவதோடு, விளையாட்டுப் போட்டியில் நாம் ஸ்டொப்வோட்ச்சில் பிடிப்பது போல நேரம் பிடிக்கவும் செய்யும். அப்போதைய தமிழ்நாடு பா.ஜ.க. தலைவர் அண்ணாமலை அதைக் கட்டியிருந்தார். 2022 டிசம்பரில் தி.மு.க. அமைச்சர் செந்தில் பாலாஜி "பில் எங்கே?" என்று கேட்டார். 2023 ஏப்ரலில் அண்ணாமலை பில்லை வெளியிட்டு, இன்னொருவரிடமிருந்து 3 இலட்சம் இந்திய ரூபாவுக்கு வாங்கியதாகச் சொன்னார்.

நேரம் காட்டுவதில் இரண்டையும்விட நம் பஸாரில் வாங்கும் பெட்டரி மணிக்கூடு திறம். வில்லும் பற்சக்கரமும் கொண்டு ஓடும் மணிக்கூடு எவ்வளவு விலையானாலும், பெட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் அளவுக்குத் துல்லியமாக இராது. ஆகவே இவற்றில் விலை நேரத்துக்கானதல்ல, அந்தஸ்துக்கானது.

யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. ஆனால் இரண்டு மணிக்கூடுகளும் இரண்டு வேறு கேள்விகளை எழுப்பின. ஒன்று, எந்தப் பணத்தில் வாங்கினீர்கள்? மற்றது, யார் தந்தார், ஏன் தந்தார்? நம் பார்வையில் இரண்டாவதே பாரமானது. வாங்கிய பொருளுக்குப் பில் இருக்கும். தந்தவர் மனதில் என்ன எதிர்பார்ப்பு இருந்தது என்பதற்கு எந்தப் பில்லும் இல்லை.

ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டினார். அவர் பெற்றாரின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். புகாரியில் உள்ள செய்தி. எந்த மதத்தவருக்கும் பொருந்தும் அளவுகோல் இது: பதவி இல்லாவிட்டால் இது எனக்குக் கிடைத்திருக்குமா?

அந்தக் கேள்வி ஆசிரியர்களான நமக்கும் உண்டு. ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்தில் ஒரு பூவும் ஒரு வாழ்த்து அட்டையும் சந்தோஷம். கொழுந்து பறிக்கும் தாய் நாட்சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பரிசு வாங்கும் நிலை வந்தால் அது சந்தோஷம் அல்ல, சுமை. கொடுக்க முடியாத பிள்ளை அன்று வகுப்பில் கூனிக்குறுகி நிற்கும். பெறுமதியான பரிசு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நம் கடமை.

நம் நாட்டில் 1975இலேயே சொத்து விபரம் வெளிப்படுத்தும் சட்டம் வந்தது. இப்போது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது. பாராளுமன்ற உறுப்பினர் முதல் பிரதேச சபை உறுப்பினர் வரை சொத்து, கடன் விபரம் கொடுக்க வேண்டும். அவை இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் வெளியிடப்பட வேண்டும்.

மணிக்கூட்டு வீடியோ பார்க்கும் அதே ஃபோனில் அதையும் பார்க்கலாம். நாம் வோட்டுப் போட்டவரின் பெயரை முதலில் தேடுவோம். எதிர்க்கட்சிக்காரரின் பெயரைப் பிறகு தேடலாம். நம்மாள் என்பதற்காகக் கேட்காமல் விடுவதுதான் ஊரைக் கெடுக்கிறது.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள்; மரியாதையாகப் பேசுவோம்.